ஆளுக்கேற்ற மிதிவண்டி

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேசியவள் என் பழைய மாணவி. மயிலாப்பூரில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் படித்து, பின்னர்ப் பொறியியற் பட்டமும் பெற்று, இப்போது நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். அங்கே அப்போது மாலை ஐந்தரை மணி. நலம் விசாரித்த பிறகு சற்றுத் தயங்கி, “சார், இந்த ஊரில் சைக்கிள் இல்லாமல் ஒன்றும் நடக்காது போலிருக்கிறது. ஒன்று வாங்க வேண்டும். எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லுங்கள்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கு ஓட்டவும் தெரியாது, சார்” என்றாள்.

“பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் என்னம்மா ஆயிற்று? நான்தானே பெயர் வாசித்துக் கொடுத்தேன்?” என்று கேட்டேன்.

“அப்பா அதை அந்த வாரமே விற்றுவிட்டார், சார். லஸ் முனையில் பஸ்களுக்கு நடுவே நான் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லையாம்.”

மாணவ நண்பர்களே, அன்றிரவு அவளிடம் சொன்னவற்றையும், பிறகு சில நாட்கள் யோசித்து எழுதியனுப்பியவற்றையுமே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களுள் பலர் சிறுவயதிலேயே மிதிவண்டி ஓட்டக் கற்றிருப்பீர்கள். ஆயினும், வளர்ந்த ஆளுக்குரிய வண்டி ஒன்றை முதன்முதலாக விலை கொடுத்து வாங்குவது வேறு காரியம். அதில் நான் ஒரு பெருந்தவறு செய்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓட்டப் பழகியது மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் கடைச் சைக்கிளில். சீட்டில் ஏறி உட்கார உயரம் போதாத பிள்ளைகள், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடலைக் கோணலாக வளைத்து ஓட்டுவோம். அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, பெயரிடுவதில் வல்லவர் என்பதில் ஐயமில்லை. 1981ஆம் ஆண்டு சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, தினந்தோறும் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவதைவிடச் சைக்கிளே மேல் என்று என் தந்தையார் பணம் கொடுத்தார். பூக்கடைக்கு அருகே ரத்தன் பஜாரில் வரிசையாகச் சைக்கிள் கடைகள். நான் நுழைந்த கடையில் 22 அங்குலம், 24 அங்குலம் என இரண்டு அளவில் சட்டங்கள் இருந்தன. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வாத்தியார் ஆகப் போகிறீர்கள், 24தான் எடுப்பாக இருக்கும்” என்றார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். சிறுவயது முழுவதும் குரங்குப் பெடல் போட்டவனுக்குப் பெரிய வண்டியின்மேல் இருக்கும் ஆசையை அவர் எத்தனை பேரிடம் கண்டிருப்பாரோ!

அந்த வண்டியில் உட்கார்ந்தால் என் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு மாலை, என் தம்பியைக் கேரியரில் வைத்துக்கொண்டு ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன். முன்னே போன ஒரு கைவண்டி திடீரென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன். அது கம்பிகளால் இயங்கும் பழைய வகைப் பிரேக். ரிம்மோ முலாம் பூசிய இரும்பு. ஈரம் பட்ட இரும்பு ரிம்மில் ரப்பர்க் கட்டை வழுக்கும். நீரை வழித்தெறிந்த பிறகே பிடிக்கும். வண்டி நிற்கும் தறுவாயில் ஒரு பக்கம் சாய்ந்தது. சரியான உயரத்து வண்டியாயின் காலை ஊன்றியிருப்பேன். என் கால் தரையை எட்டவில்லை. இருவரும் விழுந்தோம். தம்பிக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அரைப் பரீட்சையை அவன் எழுதவில்லை. இன்றும் மழைக்காலத்தில் அந்தக் கையைத் தடவிக்கொண்டு, “அண்ணா, எடுப்பாக இருக்கிறதா?” என்று கேட்பான்.

ஆகையால் அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய முதல் வரி, “வண்டியின் அழகைப் பார்க்குமுன் உன் காலை அளந்துகொள்” என்பதுதான். சட்டத்தின் அளவு என்பது, கிராங்கு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டுக் குழாயின் மேல்நுனி வரை உள்ள நீளம். 22 அங்குலம் என்பது ஏறத்தாழ 56 சென்டிமீட்டர். 24 அங்குலம் 61 சென்டிமீட்டர். ஐரோப்பியக் கடைகளில் சென்டிமீட்டரில்தான் சொல்வார்கள். பாருள்ள வண்டியானால் அதன் இருபுறமும் காலை ஊன்றி நிற்க வேண்டும். உடலுக்கும் பாருக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கிடையாவது வெளி வேண்டும். இல்லையேல் அது உங்கள் வண்டி அன்று. சீட்டின் உயரத்துக்கு வேறு கணக்கு. சீட்டில் அமர்ந்து, பெடலை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது குதிகாலால் மிதிப்பதில்லை, முன்பாதத்தாலேயே மிதிக்கிறோம். அப்போது முழங்காலில் சிறிது மடிப்பு இருக்கும். அந்த மடிப்பே மூட்டைக் காப்பது. சீட்டை மிகத் தாழ்த்தி வைத்து, முழங்கால் மார்பில் இடிக்க மிதிப்போரை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். ஐம்பது வயதுக்குப் பின் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்.

புதிதாகக் கற்பவர் மட்டும் இந்த இரண்டாம் விதியைச் சிறிது காலம் மீறலாம், மீறவே வேண்டும். அவர்கள் சீட்டில் அமர்ந்தபடி இரு பாதங்களையும் தரையில் முழுதாகப் பதிக்கும் அளவுக்குச் சீட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அளவு முடிந்தால் அடுத்தது சக்கரம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெண் பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, “28 அங்குலச் சக்கரம், சார், நம் ஊர் வண்டிபோலவே” என்று எழுதினாள். 28 என்று சொல்லப்படும் சக்கரங்கள் எல்லாம் ஒன்றல்ல. நம் நாட்டுப் பழைய கறுப்பு வண்டிகளில் உள்ள 28க்கு, டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று ஐரோப்பாவில் பரவலாக வழங்கும் 28க்கு அது 622 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 26 என்பதிலும் இதே குழப்பம்: ஒருவகை 590, மற்றொருவகை 559. அங்குலக் கணக்கை நம்பாமல், டயரின் பக்கத்தில் புடைப்பாக அச்சிட்டிருக்கும் 37-622, 40-635 போன்ற எண்களைப் பார்க்க வேண்டும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். சென்னையில் டயர் வாங்கினாலும் டெல்ஃப்டில் வாங்கினாலும் பொய் சொல்லாத எண் இதுவே. வேறொரு பழைய நண்பனையும் அவள் அங்கே கண்டாள். நம் சைக்கிளில் காற்றடிக்கும் அதே வால்வுதான் டச்சு வண்டிகளிலும் பெரும்பாலும் இருக்கிறது.

பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது என்று பொருள். போக்ஸ் கம்பிகளை விரலால் மீட்டிப் பார்க்கலாம். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் பேச வேண்டும். பழைய கறுப்பு வண்டியில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள் உண்டு. ஆளின் பாரமும் கேரியரின் பாரமும் பெரும்பாலும் பின்னால் இறங்குவதால் இந்த ஏற்பாடு. இவ்வளவு மெல்லிய கம்பி எப்படி ஓர் ஆளைத் தாங்குகிறது? மாட்டு வண்டிச் சக்கரத்து ஆரக்கால் கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குவது. சைக்கிள் கம்பியை அப்படி முட்டுக் கொடுக்க விட்டால் வளைந்துபோகும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்னதாகவே வலுவாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது, அவ்வளவே. ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் வேலையையும் செய்து விரைவில் அறுந்துபோவதற்குக் காரணமும் இதுவே.

கிராங்கைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்ப்பது, ஹேண்டில் பாரைத் திருப்பும்போது உள்ளே கரகரப்பு இருக்கிறதா என்று கவனிப்பது, செயின் துருவேறித் தளர்ந்திருக்கிறதா என்று நோக்குவது ஆகியவற்றைப் பழைய வண்டி வாங்குவோர் மறக்கக் கூடாது. நம் ஊரில் வண்டியை முழுதும் பிரித்துத் துடைத்து, பால்ரஸ் மாற்றி, மறுபடி பூட்டுவதை ‘ஓவராயில்’ என்பார்கள். ஓவர்ஹால் என்ற ஆங்கிலச் சொல்லே நம்மவர் வாயில் எண்ணெய் மணத்தோடு அப்படி மாறிவிட்டது. தவறான சொல்லானாலும் பொருத்தமான சொல்.

அந்நாட்டுக்கென்று சில எச்சரிக்கைகளும் எழுதினேன். நம் வண்டியில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஃப்ரீவீல் ‘டிக் டிக்’ என்று ஓசையிட்டுச் சும்மா சுழலும். டச்சு வண்டிகள் பலவற்றில் பின்னோக்கி மிதிப்பதே பிரேக். பழக்கமில்லாதவர் விளையாட்டாகப் பின்னே மிதித்தால் வண்டி சட்டென்று நின்றுவிடும். அங்கே சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும்; இருட்டில் முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இருந்தாக வேண்டும். மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை மிகுந்த நாடு அது. ஆகவே திருட்டும் மிகுதி. தெருவில் யாரேனும் மிகக் குறைந்த விலைக்கு வண்டி தருவதாகச் சொன்னால் விலகிவிட வேண்டும். களவுபோன வண்டிகளின் பதிவேடு ஒன்றை அந்நாட்டு வாகனப் பதிவுத் துறை வைத்திருக்கிறது. சட்டத்தில் பொறித்த எண்ணைக் கொண்டு அதில் தேடிப் பார்க்கலாம்.

அந்நிய நாட்டில் படிக்கப் போன பெண் சைக்கிள் வாங்குவது புதிதன்று. போலந்து நாட்டிலிருந்து பாரிஸுக்குப் படிக்க வந்த மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா, 1895ஆம் ஆண்டு பியேர் கியூரியை மணந்தார். திருமணப் பரிசாக வந்த பணத்தில் அத்தம்பதியர் இரண்டு மிதிவண்டிகள் வாங்கி, அவற்றிலேயே பிரான்சின் கிராமப்புறங்களைச் சுற்றி வந்தார்கள். பிற்காலத்தில் இரண்டு நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அவரே. அதே 1895இல்தான் ருஷ்யாவில் டால்ஸ்டாய் தம் 67ஆம் வயதில் மிதிவண்டி ஓட்டக் கற்றார். 23 வயதில் கற்பதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்டேன்.

கற்கும் முறைக்கு வருவோம். மிதிவண்டியின் முன்னோடியை ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1817ஆம் ஆண்டு ஓட்டிக் காட்டியவர் கார்ல் ஃபான் டிரைஸ். அதற்குப் பெடல் கிடையாது. அமர்ந்துகொண்டு கால்களால் தரையை உந்திச் செல்ல வேண்டியதுதான். பெடல் வந்தது 1860களில், பாரிஸ் நகரத்தில். அதுவும் முன் சக்கரத்தின் அச்சிலேயே. அப்படிப்பட்ட வண்டியில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் ஆளுயர முன்சக்கரமும் அதன் உச்சியில் ஒரு சீட்டும் உள்ள அந்த விபரீத வண்டி தோன்றியது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவர் செயின் மூலம் பின்சக்கரத்தை இயக்கும் ‘ரோவர்’ வண்டியை அமைத்தபோது இந்தக் கட்டு அறுந்தது. இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாயின. மூன்றாண்டுக்குப் பின், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவரான டன்லப், தம் மகனுடைய வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார்.

செயின் செய்யும் வேலையை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.44 சுற்றுச் சுற்றும். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் சுற்றளவு 2.23 மீட்டர். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். மயிலாப்பூரிலிருந்து சைதாப்பேட்டைக் கல்லூரிக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்று வைத்தால், தினமும் ஆயிரம் சுற்று மிதித்துப் போய் ஆயிரம் சுற்று மிதித்து வந்திருக்கிறேன். தேனாம்பேட்டை தாண்டியதும் வரும் எதிர்காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிரைஸின் வண்டிக்கும் நம் மாணவிக்கும் என்ன தொடர்பு? வளர்ந்தவர் கற்பதற்கு அதுவே சிறந்த வழி. சீட்டை இறக்கி, இரு பெடல்களையும் கழற்றிவிட வேண்டும். சமதரையில் கால்களால் உந்தி உந்திச் செல்ல வேண்டும். சில நாட்களில் கால்களைத் தூக்கிக்கொண்டு பத்து மீட்டர், இருபது மீட்டர் மிதந்து செல்ல வரும். சமநிலை கைவந்த பின்னரே பெடலை மாட்ட வேண்டும். ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடும் நம் ஊர் முறையில் கற்பவர் சமநிலையையும் மிதிப்பதையும் ஒரே வேளையில் கற்க நேர்கிறது. பிடித்திருப்பவர் நிமிர்த்திக்கொண்டே இருப்பதால் வண்டி சாய்வது இன்னதென்று அவருக்குத் தெரிவதே இல்லை.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும்? அச்சத்தில் எல்லாரும் வலப்பக்கம் திருப்புவார்கள்; திருப்பினால் விழுவார்கள். சாயும் பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் நகர்ந்து வந்து உடலின் பாரத்துக்கு அடியில் நிற்கும். விரல்மேல் கோலை நிறுத்துபவன் கோல் சாயும் பக்கமே கையைக் கொண்டுபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதுவும் ஒன்றே. ஓரளவு வேகத்தில் ஆளில்லாத வண்டியைத் தள்ளிவிட்டாலும் அது தானே இவ்வாறு திருப்பிக்கொண்டு சிறிது தூரம் ஓடும். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவே இதற்குக் காரணம் என்று நான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். அது முழு உண்மையன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் இதே டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பம்பர விளைவை நீக்கிய ஒரு வண்டியைச் செய்து ஓடவிட்டு, அதுவும் விழாமல் நிற்பதை 2011ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். எடை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் இதில் பங்கு கொள்கிறது. என் பழைய மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தங்கள் குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

நம் மாநிலத்திலும் வளர்ந்த பெண்கள் கூட்டங்கூட்டமாக மிதிவண்டி கற்ற காலம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் இதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். வயல் வேலைக்குப் போனவர்கள், கல்லுடைத்தவர்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் முதலானோர் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். முன்னே உள்ள பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா? கேலி பேசியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தை வண்டியில் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குக் கேலிக்குப் பதில் சொல்ல நேரம் இருந்திருக்காது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. 2005-06இலிருந்து அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பிற மாணவ மாணவியர்க்கும் அது விரிந்தது. நான் பெயர் வாசித்துக் கொடுத்த வண்டிகளுள் எத்தனை, பெயருக்கு உரியவளை ஒருநாளும் சுமக்காமலே கை மாறின என்பதை அந்தத் தொலைபேசி அழைப்புக்கு முன் நான் கேட்டறிந்ததில்லை. கேட்டிருக்க வேண்டியவன்.

அவள் கடைசியில் 50 சென்டிமீட்டர்ச் சட்டமுள்ள, குறுக்குப் பார் இல்லாத ஒரு பழைய வண்டியை வாங்கினாள். பல்கலைக்கழக விடுதியின் பின்புறத்து வெளியில், விடியற்காலையில் யாரும் எழுமுன், பெடலைக் கழற்றிவிட்டு இரண்டு வாரம் உந்தினாள். இரண்டு முறை விழுந்தாளாம். பிறகு ஒருநாள் கால்வாய்க் கரைச் சாலையில் வகுப்புக்கே ஓட்டிச் சென்றுவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.

இந்த ஆண்டு அவளுடைய தங்கை பதினோராம் வகுப்பு. பள்ளியில் வண்டி கொடுத்த அன்று மாலை அவர்களுடைய தந்தை என் வீட்டுக்கு வந்தார். விற்பதற்கு என் சம்மதம் கேட்க வந்தாரோ என்று நினைத்தேன். “ஞாயிற்றுக்கிழமை காலையில் தாங்கள் சற்று வர முடியுமா, சார்? பெரியவள் ஸ்பேனரோடு நிற்கச் சொல்லியிருக்கிறாள்” என்றார்.

காலை ஐந்தரை மணிக்குக் கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாட வீதியில் பூக்காரர்களைத் தவிர யாருமில்லை. சிறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வலது பெடலை எளிதில் கழற்றிவிட்டார். இடது பெடலுடன் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. “அந்தப் பக்கம் இல்லை, ஐயா; கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள்” என்றேன். திருப்பினார், கழன்று கையோடு வந்தது. இரண்டு பெடல்களையும் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார், அவை அடங்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, மகள் காலால் உந்தத் தொடங்கியதும் குளக்கரைப் பக்கமாக அவள் பின்னே நடந்தார்.